நான் வித்தது வெல்லம்தானே? – நீலகேசியின் வாதமும் நம் அறக்கொள்கைகளும்

அறத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் பேராசிரியன் அல்லன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன். பாகாலாவில் வெல்லமும் புளியும் மண்டி வைத்துப் பிழைத்தவன். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்த படிப்புதான் என் படிப்பு. பிழை இருந்தால் சான்றோர் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் பூர்வீகம் போளூர் பக்கம். நாங்கள் தமிழ்ச் சமணர். நயினார் என்று சொல்வார்கள். இங்கே ஜெயின் என்று சொன்னால் உடனே "சேட்டா நீங்க, எந்த ஊரு, ராஜஸ்தானா?" என்றுதான் கேட்பார்கள். இல்லீங்க, தமிழ்தான் வீட்டில் பேசறோம், நெல்லு பயிரிட்ட குடும்பம்தான் என்று விளக்கிச் சொல்லியே எனக்கு அறுபது வயசு தாண்டிவிட்டது. அந்தக் காலத்து மீட்டர்கேஜ் ரயிலில் போளூரில் ஏறினால் காட்பாடி வழியாக நேராகப் பாகாலாவில் இறங்கலாம். அப்படி இறங்கியவர்தான் என் தகப்பனார். அப்புறம் திரும்பிப் போகவில்லை.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட பொருள் இது. ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? செய்தவன் மனசை வைத்தா, விளைந்த பயனை வைத்தா, மீறக்கூடாத கடமையை வைத்தா, அவன் பழகிய பழக்கத்தை வைத்தா? மேல்நாட்டார் இதை இருநூறு முந்நூறு வருஷமாகப் பெரிய பெரிய நூல்களில் விவாதிக்கிறார்கள். நம் தமிழில் இதே வழக்கை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நீலகேசி நடத்தியிருக்கிறது. அந்த வாதத்தை ஒரு வியாபாரியின் கண்ணால் சீர்தூக்கிப் பார்க்கிறேன்.

கடையில் வந்த கேள்வி

முதலில் என் கதை. ஆந்திராவில் சாராய எதிர்ப்புப் போராட்டம் 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் தொடங்கியது. 1993இல் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995இல் முழு மதுவிலக்கு. 1997இல் முழு மதுவிலக்கைத் தளர்த்தினார்கள்; ஆனால் சாராயத் தடை அப்படியே இருந்தது. தடை இருந்தால் கள்ளத்தனமாகக் காய்ச்சுவது இருக்கும். காய்ச்சுவதற்கு வெல்லம் வேண்டும். அதுவும் விலை குறைந்த கருப்பு வெல்லம். தெலுங்கில் அதற்கு "நல்ல பெல்லம்" என்று பேர். தெலுங்கில் நல்ல என்றால் கருப்பு. புதுசாக வந்த நம் ஆள் ஒருவர், "நல்ல வெல்லத்தை ஏன் போலீஸ்காரர் தேடறாங்க?" என்று என்னைக் கேட்டிருக்கிறார்!

அந்த நாளில் ஒருத்தர் மாசத்துக்கு நாலைந்து தடவை வந்து கருப்பு வெல்லம் எடுப்பார். மாட்டுத் தீவனத்துக்கு என்பார். மாட்டுக்கு வெல்லம் வைக்கிற வழக்கம் உண்டுதான். ரொக்கமாகக் கொடுப்பார், விலை பேசமாட்டார். அவ்வளவு வெல்லம் தின்ன எத்தனை மாடு வேண்டும் என்று நான் கணக்குப் போட்டதில்லை. கணக்குப் போடத் தெரியாதவன் இல்லை. போடவில்லை.

மண்டியில் மூட்டை தைக்கிற ஒரு பெண்மணி ஒருநாள் கூலி வாங்கும்போது சொன்னார்: "சாவுகாரு, நீங்க காலையில ஏத்தி அனுப்பற வெல்லம் ராத்திரி எங்க ஊட்டுக்கு வந்துடுது. நீங்க குடுக்கற கூலியும் அங்கதான் போவுது." நான் உடனே சொன்ன பதில்: "நான் வித்தது வெல்லம்தானேம்மா? காய்ச்சினவன் வேற, குடிச்சவன் வேற." அவர் ஒன்றும் பேசவில்லை. காசை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து நீலகேசியைப் புரட்டினபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்ன பதில் அதிலே இருக்கிறது. நாங்கள் எதிர்க்கட்சி என்று நினைக்கிற ஆள் வாயில் இருக்கிறது.

நீலகேசி நடத்தும் வழக்கு

நீலகேசி ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று. சுமார் 10ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலர் கருத்து. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு 1936இல் இதைப் பதிப்பித்தார். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர், எங்கள் சமூகத்தவர்.

கதை சிறியது. காளி கோயிலில் உயிர்ப்பலி கொடுக்க வந்தவர்களிடம் முனிசந்திரர் என்ற சமண முனிவர், உயிருள்ள ஆட்டுக்குப் பதில் மண்ணால் செய்த உருவத்தை வைத்துப் படையுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார். பலி நின்றுபோன கோபத்தில் காளி, பழையனூர் நீலியை உதவிக்குக் கூப்பிடுகிறாள். பழையனூர் வேறெங்கோ இல்லை. நம் திருவாலங்காட்டுப் பக்கம். 1960இல் திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டுக்குப் போகும்வரை அது நம் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பயமுறுத்த வந்த நீலி முனிவரிடம் தோற்று, அறம் கேட்டு, நீலகேசி ஆகிறாள். பிறகு பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவரையும் தேடிப்போய் வாதம் செய்கிறாள்.

பௌத்தரோடு நடக்கும் வாதத்தில் புலால் பற்றிய பகுதிதான் நமக்கு வேண்டியது. பௌத்தர் தரப்பு இது: பாவம் என்பது எண்ணத்தில் இருக்கிறது. கொல்லவேண்டும் என்று நினைத்தவன், கொன்றவன், அவனுக்குத்தான் வினை. செத்த உடம்பின் ஊன் வெறும் பண்டம். அதை விலைக்கு வாங்கித் தின்றவன் யாரையும் கொல்லவில்லை. தனக்காகக் கொன்றதைப் பார்த்திருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, சந்தேகப்பட்டிருக்கக் கூடாது என்று பௌத்த சங்கத்தில் விதியே இருந்தது. நீலகேசியின் பதில், வாங்க ஆள் இருப்பதால்தான் கொல்ல ஆள் இருக்கிறான் என்பது. விலை கொடுப்பவன் கொலைக்குக் கூலி கொடுக்கிறான். வள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில் இதே சந்தைக் கணக்கைத்தான் வைக்கிறார். "அப்படியானால் உங்கள் முனிவர் கையில் மயிற்பீலி இருக்கிறதே, அதுக்கு என்ன சொல்லுகிறாய்?" என்று எதிர்க்கேள்வி வருகிறது. பீலி மயில் தானாக உதிர்ப்பது, ஊன் அப்படி உதிர்வது இல்லை என்று விடை.

1975இல் பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் "விலங்கு விடுதலை" என்ற நூலில் மேல்நாட்டுக்காரர்களைத் திடுக்கிட வைத்தார். வாங்குகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்பது அந்த நூலின் ஒரு தூண். நம் பழையனூர்ப் பேய் அதை முன்னமே பேசிவிட்டது.

பயன் பார்க்கிற கொள்கை

நீலகேசியின் இந்த வாதம் மேல்நாட்டில் பென்தமும் (1789) மில்லும் (1861) சொன்ன பயன்கொள்கைக்குக் கிட்டத்தில் வருகிறது. அதிகம் பேருக்கு அதிக இன்பம், குறைந்த துன்பம் எதனால் வருமோ அதுவே நல்லது என்பது அவர்கள் கட்சி. மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீசில் உத்தியோகம் பார்த்தவர் என்பது நமக்குச் சுவையான செய்தி.

இந்தக் கொள்கையின் பலம், யாரையும் "எனக்குத் தெரியாது" என்று ஒதுங்க விடாது. உன் சரக்கு எங்கே போய் என்ன செய்தது என்று கேட்கும். நம் சாவுகாருமார்களுக்கு வேண்டிய கேள்வி இது.

பலவீனம் எங்கே? என் கதையிலேயே இருக்கிறது. அந்தப் பெண்மணி சொன்னதுக்கு அப்புறம் அந்த வாடிக்கையாளருக்கு வெல்லம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. வேறே இடத்தில் வாங்கிக்கொண்டார். ஊரில் ஒரு கிளாஸ் கூடக் குறையவில்லை. எனக்கு வரவு குறைந்தது, அவ்வளவுதான். பயனை மட்டும் பார்த்தால் நான் செய்தது வீண். "நீ விக்காட்டி இன்னொருத்தன் விக்கறான்" என்று என் பங்காளியே சொன்னார். இந்த ஒரு வரி எத்தனை அநியாயத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இதுக்குப் பயன்கொள்கைக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். மண்டிக்காரன் பாஷையில் சொல்கிறேன். லோடு நிறைந்தால்தான் லாரி கிளம்பும். எந்த மூட்டை ஏறினதும் லாரி கிளம்பியது என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. என் மூட்டை வெறும் மூட்டையாகவும் இருக்கலாம், லாரியைக் கிளப்பின மூட்டையாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு மூட்டைக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. நல்ல பதில்தான். ஆனால் முழுசாக மனசு ஆறவில்லை.

காண்ட் காட்டும் கடைக்காரர்

ஜெர்மானிய ஞானி காண்ட் 1785இல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரரைக் காட்டுகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் எல்லாருக்கும் ஒரே விலை சொல்பவர். நல்ல மனிதர்தானே? காண்ட் கேட்கிறார்: அவர் எதற்காக அப்படிச் செய்கிறார்? கடைக்குப் பேர் கெடக்கூடாது என்பதற்காக என்றால் அது வியாபார சாமர்த்தியம். அறம் என்று மார்க் போட முடியாது. கடமை என்பதற்காகவே செய்தால்தான் அறம். எல்லாரும் இதையே விதியாகக் கொண்டால் உலகம் தாங்குமா என்று பார்த்துச் செய். எந்த மனிதனையும் வெறும் கருவியாக நினைக்காதே என்பது அவர் போதனை.

இதைப் படித்தபோது கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு கூசியது. நாற்பது வருஷம் தராசைச் சரியாகப் பிடித்தேன் என்று பெருமைப்பட்டவன் நான். அது அறத்துக்காகவா, வாடிக்கைக்காகவா? இன்றுவரை பிரித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் "நீ விக்காட்டி இன்னொருத்தன் விக்கறான்" என்பதற்குக் காண்ட்தான் சரியான மருந்து. இன்னொருத்தன் விற்பது அவன் கணக்கு. எல்லாரும் இதையே சொன்னால் எந்தத் தீமையும் நிற்காது.

காண்ட்டின் குறை வேறிடத்தில் தெரிகிறது. 1797இல் ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் வாசலில் வந்து, உன் சிநேகிதன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால் அப்போதும் பொய் சொல்லக்கூடாது என்றார். நம் வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் உண்மைக்கு இலக்கணமே வேறு மாதிரி வகுக்கிறார். ஒரு தீமையும் விளைக்காத சொல்லே வாய்மை. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் அந்த இடத்தில் நிற்கும் என்பது அவர் கருத்து. சமந்தபத்திரர் இல்லறத்தாருக்குச் சொன்ன இரத்தினகரண்டகத்திலும் பிறருக்கு ஆபத்து தரும் உண்மையைப் பேசாதிருப்பது வாய்மை விரதத்தில் அடங்குகிறது. இதில் நம் பெரியோர் கட்சிதான் எனக்கு உயர்வாகப் படுகிறது.

ஆனால் இதையும் அப்படியே விட முடியாது. வள்ளுவர் திறந்த ஜன்னலை நம் வியாபாரிகள் வாசக்கதவாக்கி விட்டோம். "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று சொல்லாத வியாபாரி உண்டா? வள்ளுவர் போட்ட நிபந்தனையை மறந்துவிடுகிறோம். நன்மை இருந்தால் போதாது, அது குற்றமற்றதாக இருக்க வேண்டும். சொல்கிறவனுக்கு லாபம் வரும் பொய்யில் அந்த நிபந்தனை முதல் படியிலேயே தவறிவிடுகிறது.

பழக்கம்

கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இந்தக் கணக்கு வழக்குகளுக்குப் போகவில்லை. நல்ல காரியத்தைச் செய்து செய்து பழகினவன் நல்லவன். அவன் செய்வது நல்லது என்கிறார். தராசு பிடிக்கிற கையைப் பார்த்தால் இது விளங்கும். புதுப் பையன் முள்ளைப் பார்த்து நிறுப்பான். பழகின கைக்கு எடை தானே வரும். பலம் அதுதான். ஆனால் தப்பு எடையும் பழக்கத்தால் கைக்கு வரும். ஊரே ஒரு தப்பில் பழகிவிட்டால் யாரைப் பார்த்துத் திருந்துவது?

எங்கள் வெல்லத்திலேயே உதாரணம் இருக்கிறது. சில மண்ணில் விளைந்த கரும்புப் பாகு இயற்கையாகவே கருத்துத்தான் வரும். வாங்குகிற ஜனங்களுக்கு வெள்ளை வெளேர் என்று வேண்டும். கருத்த வெல்லம் என்றால் சாராயத்துக்கோ என்று அதிகாரிக்குச் சந்தேகம். பார்த்தார் விவசாயி, கொப்பரையில் ஹைட்ரோஸைப் போட்டார். வெல்லம் பளிச்சென்று வந்தது. விலையும் வந்தது. இதில் யார் கெட்ட எண்ணம் வைத்தார்கள்? வீட்டம்மா பிள்ளைக்குச் சுத்தமான வெல்லம் வேண்டும் என்று நினைத்தார். அதிகாரி சாராயத்தை ஒழிக்க நினைத்தார். விவசாயி கடனை அடைக்க நினைத்தார். நான் வாடிக்கை கேட்டதைக் கொடுத்தேன். எல்லார் எண்ணமும் நல்லது. பிள்ளை வாயில் போனது ரசாயனம். எண்ணம் மட்டும் போதும் என்கிற கொள்கை இங்கேதான் தோற்கிறது.

பிரமாதம் என்ற சொல்

அப்படியானால் சமணம் முழுக்கப் பயன்கொள்கையா? பலரும் அப்படி நினைக்கிறார்கள். சுவேதாம்பரர் போற்றும் சூத்திரகிருதாங்கத்தில் ஒரு கேலி வருகிறது: சுரைக்காய் என்று நினைத்துக் குழந்தையைச் சமைத்தவனுக்குப் பாவம் இல்லை என்பதுதான் பௌத்தர் கொள்கையோ என்று. திகம்பரரான நாங்கள் அந்த நூலை ஆகமமாகக் கொள்வதில்லை என்றாலும் கேலியின் கூர்மையை மறுக்க முடியாது. எண்ணத்தை மட்டும் பார்க்காதே, நடந்ததைப் பார் என்கிறது.

ஆனால் இரு பிரிவாரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரம் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. உமாசுவாமி அதில் இம்சைக்குக் கொடுக்கும் இலக்கணத்தில் இரண்டு அங்கம் உண்டு. ஒன்று, உயிருக்கு ஊறு. மற்றொன்று, அந்த ஊறு "பிரமாதத்தால்" வருவது. பிரமாதம் என்றால் கவனக்குறைவு, அசட்டை, விழிப்பில்லாமை. பார்த்து நடந்த முனிவர் காலடியில் எறும்பு சிக்கினால் அது ஒரு கணக்கு. பார்க்காமலே நடந்தவனுக்கு எறும்பு தப்பித்தாலும் வேறே கணக்கு.

இந்தச் சொல்லுக்கு வந்த கதியைப் பாருங்கள். தமிழில் கச்சேரி நன்றாக இருந்தால் "பிரமாதம்!" என்கிறோம். தெலுங்கில் பிரமாதம் என்றால் ஆபத்து, விபத்து. ரோட்டு ஓரம் போர்டில் எழுதியிருக்கும். நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு பிரமாதமும் வெளியில் ஒரு பிரமாதமும் கேட்டு வளர்கிறார்கள். மூலப் பொருளான கவனக்குறைவு இரண்டு பக்கத்திலும் மறைந்துபோச்சு. வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வைத்து மறதியைக் கண்டித்தார். அதுவும் அரசனுக்குச் சொன்னது என்று நாம் புரட்டிவிட்டோம்.

என் வழக்குக்குத் தீர்ப்பு இங்கேதான் கிடைத்தது. சாராயம் காய்ச்சவேண்டும் என்று நான் எண்ணவில்லை. எண்ணக் கொள்கைப்படி விடுதலை. நான் நிறுத்தியும் ஊரில் குடி குறையவில்லை; பயன்கொள்கைப்படி பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எத்தனை மாடு என்று கணக்குப் போடாமல் இருந்தேனே, அது பிரமாதம். தெரியாமல் செய்தது வேறு. தெரிந்துவிடுமோ என்று கேட்காமல் இருந்தது வேறு. முதலாவது அறியாமை. இரண்டாவது குற்றம். அதே சூத்திரம் திருடாமை விரதத்துக்குச் சொல்லும் தவறுகளைப் பார்த்தால் திருட்டுச் சரக்கு வாங்குதல், கள்ள எடை, கலப்படம் என்று கடைத்தெருப் பட்டியலாகவே இருக்கிறது. எழுதினவர் மண்டிக்கு வந்து பார்த்தாரோ என்று தோன்றும்.

நம் பக்கத்துக் குறைகள்

எதிர்க்கட்சியை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது விமரிசனம் ஆகாது. நீலகேசியிலும் குறை உண்டு. வாதத்தில் அவள் எப்போதும் ஜெயிக்கிறாள். எதிரி திணறுவான், ஒப்புக்கொள்வான். எதிர்த்தரப்பு நூலான குண்டலகேசி முழுசாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே மிச்சம். ஆகையால் பௌத்தர் தம் வாயால் என்ன சொன்னார் என்று நாம் கேட்க வழியில்லை. எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு என்று அநேகாந்தம் போதித்த நாங்கள், வாத மேடை ஏறினதும் எதிரிக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. எண்ணத்தைத் தூய்மையாக்காமல் வெளி ஒழுக்கம் பார்த்து என்ன பயன் என்பது பௌத்தர் கேள்வியின் உள்சரடு. அது நியாயமான கேள்வி. சூரியன் மறைந்தபின் சாப்பிடாத என்னைப்போன்றவன், பகலில் கல்லாவில் என்ன செய்தேன் என்று கேட்க அந்தக் கேள்வி வேண்டும்.

இன்னொன்று. இல்லறத்தாருக்குத் தொழிலில் தவிர்க்க முடியாத இம்சையைத் "தொழில் இம்சை" என்று தனியாக வகுத்து எங்கள் நூல்கள் இளக்கம் தருகின்றன. ஏர் உழுதால் புழு சாகும். உழாமல் சோறு ஏது? நியாயமான இளக்கம். ஆனால் அதிலே எதை வேண்டுமானாலும் போட்டு மூடலாம். நானும் கொஞ்ச நாள் கருப்பு வெல்லத்தை அதிலேதான் போட்டு மூடி வைத்தேன்.

நிறைவாக

ஆக எந்தக் கொள்கையும் தனியாக நிற்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கிறது. மற்றக் கேள்வியை விட்டுவிடுகிறது. பௌத்தர் கேட்பது: உன் மனசில் என்ன? மில் கேட்பது: இதனால் யாருக்கு என்ன ஆகும்? காண்ட் கேட்பது: எல்லாரும் இப்படிச் செய்தால்? அரிஸ்டாட்டில் கேட்பது: இதையே செய்து செய்து நீ என்ன ஆவாய்? இந்த நாலுக்கும் முன்னால் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறது எங்கள் சூத்திரம்: பார்த்தாயா? கேட்டாயா? பார்க்காதவனுக்கு மற்ற நாலு கேள்விக்கும் விடை கிடைக்காது. என் சிற்றறிவுக்கு எட்டிய முடிவு இதுதான்.

இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். யாராவது அளவுக்கு மீறிக் கருப்பு வெல்லம் கேட்டால் "எதுக்குங்க?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதனால் சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். கருத்த வெல்லம் எல்லாம் கள்ளச் சரக்கு இல்லை என்று வாடிக்கையாளருக்குச் சொல்லி விற்கவும் சொல்லியிருக்கிறேன். மருந்து போடாத விவசாயி பிழைக்க வேண்டும் அல்லவா?

அந்தப் பெண்மணி அதற்கப்புறமும் பல வருஷம் எங்கள் மண்டியில் மூட்டை தைத்தார். அவர் வீட்டுக்காரர் குடியை விடவில்லை. நான் நிறுத்தினதை அவரிடம் ஒருநாள் சொன்னேன். "தெரியும் சாவுகாரு" என்றார். வேறே ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டு எதிர்பார்த்துத்தான் சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். காண்ட் மார்க் போடமாட்டார்.